எண்ணாத மூச்சு: அத்தியாயம் பதினொன்று

பொய் சொன்னவனுக்காவது தான் சொன்னதை மறக்காமல் வைத்திருக்கும் வேலை ஒன்று இருக்கிறது. சாபிராவுக்கு அதுவும் இல்லை. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அப்படியே முப்பத்தொன்பது நாள் ஓடிவிட்டது.

நாளை ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மாமனார் காஜா மைதீன் ராவுத்தருக்கு நாற்பதாம் பாத்திஹா. கூடத்தில் அரிசி மூட்டை வந்து இறங்கிவிட்டது. ஆட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. உத்தமபாளையத்தில் பாதித் தெரு சாப்பிட வரும்.

மனிதர் அறுபத்துநான்கு வயது வரை ராயப்பன்பட்டிச் சாலைத் திராட்சைத் தோட்டமே கதி என்று இருந்தவர். பந்தல் கம்பி அறுந்து காலைக் கிழித்தபோது மஞ்சளை அப்பிக்கொண்டு நான்கு நாள் நடந்தார். சர்க்கரை உடம்பு சும்மா விடுமா? ஐந்தாம் நாள் கால் வீங்கி, காய்ச்சலில் விழுந்தார்.

பெரிய மகன் உமர் பாருக் தேனிக்குக் கொண்டுபோகலாம் என்றான். சின்னவன் அஷ்ரப், சாபிராவின் கணவன், வேண்டாம் என்றான். "சாபிரா இருக்கால்ல, அவ பாத்துக்குவா" என்று சொல்லி, சின்னமனூருக்குப் பக்கத்தில் அவள் நர்சாக வேலை பார்க்கும் ஐம்பது படுக்கை ஆஸ்பத்திரியில் சேர்த்தான். சேர்த்த மறுநாள் சாயங்காலம் ஆறரைக்கு அவர் போய்ச் சேர்ந்தார்.

அன்றிலிருந்து உமர் பாருக்குக்கு ஒரே ஒரு கேள்விதான். அன்றைக்கு மத்தியானம் டூட்டியில் இருந்தது யார்? ஆஸ்பத்திரி மேனேஜரைத் துளைத்து எடுத்துப் பெயரை வாங்கிவிட்டான். பவானி. குச்சனூர்ப் பெண். படித்து முடித்து எட்டு மாதம்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இருந்த இடத்தில் சாபிரா, காலை ஐந்தே முக்காலுக்கு, வேலைக்குப் போக யூனிஃபார்மை மடித்துக் கொண்டிருந்தாள்.

உமர் பாருக் பஜர் தொழுதுவிட்டு நேரே வந்தான். பக்கத்து வீடுதான். கையில் டைப் அடித்த மனு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள். அங்கே கொடுத்துவிட்டு, நகலைப் போலீசுக்கும் கொடுப்பதாக ஏற்பாடு. தம்பி அஷ்ரப்பை உட்கார வைத்து வாசித்தே காட்டினான். செவிலியர் பவானி என்பவரின் அலட்சியத்தால் எங்கள் தகப்பனார் மரணமடைந்தார் என்று நடுவில் ஒரு வரி வந்தது. அந்த வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தான்.

பிறகு சாபிராவைப் பார்த்துச் சொன்னான்: "நீ அந்த ஆஸ்பத்திரிக்காரி. அதுவும் பதிமூணு வருச சர்வீஸ். நீயே சாட்சிக் கையெழுத்துப் போட்டியன்னா அப்புறம் எவன் பேசுறது?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி அவள் உள்ளே போனாள். பால் எப்போதோ இறக்கியாகிவிட்டது. திரும்பி வந்து, சாயங்காலம் வந்து போடுவதாகச் சொன்னாள்.

உள் அறையில் மாமியார் மைமூன் பீவி இத்தா இருக்கிறாள். கணவன் மௌத்தானபின் நான்கு மாதம் பத்து நாள் வாசலுக்கு வராமல், பிறத்தியார் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏன்யா உமரு, அதுவும் யாரோ பெத்த புள்ளதானய்யா."

"நீங்க சும்மா இருங்கம்மா. அத்தாவக் கொன்னுபுட்டு அது சம்பளம் வாங்கிக்கிட்டு இருக்கு."

அஷ்ரப் வாயைத் திறக்கவில்லை. தேனிக்குப் போக வேண்டாம் என்று சொன்ன வாய் அது. நாற்பது நாளாகச் சோறு தின்ன மட்டும்தான் திறக்கிறது. அண்ணன் கேட்டால் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவான், வேறென்ன செய்வான்?

சாபிரா ஆறே காலுக்குப் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நடவு முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் பச்சையாக ஓடின. அவள் எதையும் பார்க்கவில்லை. அன்றைய காலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் கட்டிலருகே போனால் நர்சு நான்கு எண்களை எழுத வேண்டும். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு. முதல் மூன்றையும் கருவி சொல்லிவிடும். மூச்சை எந்தக் கருவியும் சொல்லாது, குறைந்தபட்சம் அந்த ஆஸ்பத்திரியின் பொது வார்டில் சொல்லாது. நோயாளியின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும்.

முப்பது கட்டிலுக்கு முப்பது நிமிடம். எந்த மகராசி நிற்பாள்? வார்டில் உள்ள பெண்கள் எல்லோரும் இருபது என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். இருபது என்பது நல்ல எண். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

சாபிரா மட்டும் எண்ணுவாள். பதிமூன்று வருடமாக எண்ணினாள். இருபது எழுதிய பெண்களைத் திட்டித் திட்டியே பொல்லாதவள் என்று பெயர் வாங்கினாள். "சாபிராக்கா பொணத்துக்குக்கூட எண்ணிப் பாத்துட்டுத்தான் எழுதும்" என்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவள் காதிலும் விழும். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவள், வாழ்க்கையில் ஒரே ஒரு ஆளுக்கு எண்ணவில்லை.

அந்த வீட்டுக்கு வாழ வந்த பன்னிரண்டு வருடத்தில் மாமனார் முகத்தை அவள் நேருக்கு நேர் பார்த்தது கிடையாது. அவர் கூடத்துக்கு வந்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போவாள். தண்ணீர் வேண்டுமென்றால் அவர் சுவரைப் பார்த்துக் கேட்பார். அவள் கதவோரம் செம்பை வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். அது பயமில்லை. அந்த வீட்டில் மரியாதை என்றால் அதுதான்.

அன்று காலை எட்டு மணிக்கு அவர் கட்டிலருகே போனாள். புழுக்கத்துக்குச் சட்டைப் பொத்தான்களை எல்லாம் கழற்றிவிட்டுப் படுத்திருந்தார். மருமகளைக் கண்டதும் பதறிப் போய்ச் சட்டையை இழுத்து மூடினார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் தலையைக் குனிந்தபடி காய்ச்சல் பார்த்தாள், நாடி பார்த்தாள், அழுத்தம் பார்த்தாள். மூச்சு பாக்கி இருந்தது.

ஒரு நிமிடம் அவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. உடன் வேலை பார்த்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, நீ எண்ணு என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. இருபது என்று எழுதினாள். பக்கத்துக் கட்டில் லாரி டிரைவருக்கு முழு நிமிடம் நின்று எண்ணி, இருபத்திரண்டு என்று எழுதினாள்.

பத்து மணிக்கும் இருபது. பன்னிரண்டு மணிக்கும் இருபது.

ஒன்றரைக்கு டூட்டியைப் பவானியிடம் ஒப்படைத்துவிட்டு, மாமாவுக்குக் கஞ்சி காய்ச்ச வீட்டுக்கு வந்தாள். தூக்குவாளியோடு ஐந்தரைக்குத் திரும்பிப் போனபோது அவரை ஐசியுவுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கொண்டிருந்தார்கள்.

கஞ்சியை என்ன செய்தாள் என்று இன்றைக்கு வரை அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி மாடியில் ஒரு கூட்டம் நடக்கும். போன மாதங்களில் இறந்த நோயாளிகளைப் பற்றிய கூட்டம். டாக்டர் எபனேசர் வந்து ஐந்து மாதமாகிறது, அவர் ஆரம்பித்தது. நர்சுகள் அதற்கு வைத்த பெயர் கருமாதிக் கூட்டம். யார் தலை உருளப் போகிறது என்று பார்க்கத்தான் வருவார்கள்.

எபனேசர் முதல் நாளே சொல்லிவிட்டார், யார் என்று கேட்கிற கூட்டமில்லை இது, எதனால் என்று கேட்கிற கூட்டம் என்று. செத்தவர்களை எழுப்ப முடியாது, அடுத்தவரைச் சாகாமல் பார்க்கலாம் என்பார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சொல்வதை நம்பி வாயைத் திறந்தவர்களின் கதி ஊருக்குத் தெரியுமாதலால் யாரும் வாயைத் திறந்ததில்லை.

இன்று அவர் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டியிருந்தார். ஒரு வருடத்தில் அங்கே இறந்தவர்கள் இருபத்து மூன்று பேர். அத்தனை பேருடைய கேஸ் ஷீட்டையும் எடுத்து, மூச்சு எழுதியிருந்த வரியை மட்டும் பெரிதாக்கி வரிசையாக ஒட்டியிருந்தார். இருபது, இருபது, இருபது. மேலிருந்து கீழ்வரை இருபது.

"மனுசன் சாகுற அன்னைக்குக் காலையில இருபது. சாகுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் இருபது. அப்படி ஒரு மனுசன நான் படிச்சதும் இல்ல, பாத்ததும் இல்ல" என்றார்.

அவர் விளக்கினார். உடம்புக்குள் விஷம் ஏற ஆரம்பித்தால் முதலில் ஓடுவது மூச்சுதான். ரத்த அழுத்தம் கடைசி வரை தாக்குப்பிடித்துவிட்டுத்தான் விழும். விரலில் மாட்டுகிற கருவியில் ஆக்சிஜன் தொண்ணூற்றைந்து என்று தெரிகிறதே என்று நிம்மதியாக இருப்போம். உள்ளே அந்த மனிதர் நாய் ஓடுகிற மாதிரி மூச்சிழுத்துத்தான் அந்தத் தொண்ணூற்றைந்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். மற்ற எண்களெல்லாம் சமாதானம் சொல்லும்போது மூச்சு மட்டும் உண்மை சொல்லும். அந்த உண்மையைத்தான் நாம் கேட்பதில்லை.

பிறகு தாளின் ஓரத்தைக் காட்டினார். இந்த வார்டில் ஒருவருடைய கையெழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் பதினேழு, இருபத்தாறு, பத்தொன்பது என்று எண் மாறிக்கொண்டே வருகிறது, ஏனென்றால் சாபிரா சிஸ்டர் எண்ணுகிறார் என்றார். அவர் கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். சாபிரா தரையைப் பார்த்தாள்.

அடுத்து எடுத்தது காஜா மைதீன் ராவுத்தரின் ஷீட். உங்கள் வீட்டு ஆள், இருக்கக் கஷ்டமாக இருந்தால் வெளியே இருங்கள் என்று சாபிராவிடம் தனியாகச் சொன்னார். அவள் இருக்கிறேன் என்றாள்.

அவர் கணக்கு நேராகத்தான் போயிற்று. எட்டு, பத்து, பன்னிரண்டு மணி எண்கள் மூன்றும் சாபிராவின் எழுத்து. சாபிரா எழுதினால் அது எண்ணியது. ஆகவே பன்னிரண்டு மணி வரைக்கும் அவர் உண்மையிலேயே நன்றாக இருந்திருக்கிறார். ஐந்து மணிக்குச் சுருண்டுவிட்டார். ஆகவே நடந்தது எல்லாம் இடையில், மத்தியான டூட்டியில். அங்கே இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் பவானி இருபது எழுதியிருக்கிறாள்.

"எண்ணினியாம்மா?"

பவானி எழுந்து நின்றாள். இல்லை என்று தலையசைத்தாள். இரண்டு மணிக்கு அவர் புரண்டு புரண்டு படுத்ததைப் பார்த்து டூட்டி டாக்டருக்குப் போன் செய்ததைத் திக்கித் திக்கிச் சொன்னாள். டாக்டர் எண்களைக் கேட்டாராம். காலையில் பார்த்தது யார் என்று கேட்டாராம். சாபிரா சிஸ்டர் என்றதும், அவங்க எண்ணியிருந்தால் சரியாகத்தான் இருக்கும், ஒரு பாட்டில் போடுங்கள், வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

"நானும் அக்கா எழுதுனதப் பாத்துத்தான் சார் எழுதுனேன்" என்று முடித்தாள்.

கடைசி வரிசையில் மேனேஜர் சுருளிராஜன் எதையோ குறித்துக்கொண்டார்.

சாபிரா ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். கூட்டம் கலையும், பவானி வீட்டுக்குப் போவாள், திங்கட்கிழமை மனு போகும், எண்ணுகிற நர்சு என்ற பெயர் அவளுக்கே இருக்கும். இவ்வளவு லேசாகவா ஒரு பெண்ணின் தலையில் பழியைக் கட்டுவார்கள்! அதுவும் நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க!

எழுந்துவிட்டாள்.

"நான் எண்ணல சார்."

எபனேசருக்குப் புரியவில்லை. எதை என்று கேட்டார்.

"எட்டு மணிக்கும் எண்ணல. பத்துக்கும் எண்ணல. பன்னெண்டுக்கும் எண்ணல. அவுக எங்க மாமா. அவுக நெஞ்ச நான் எப்படி நின்னு பாக்குறது? தலையக் குனிஞ்சுக்கிட்டே எழுதிட்டேன்."

எபனேசர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்: பன்னிரண்டு மணிக்கு அவரைப் பார்த்தபோது, எண்ணாவிட்டாலும், மூச்சு எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா?

சட்டை ஏறி ஏறி இறங்கியது என்றாள். கையில் தஸ்பீஹ் மணி வைத்திருந்தார், உதடு அசைந்துகொண்டிருந்தது, ஓதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன் என்றாள். நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது என்பதையும் சொன்னாள்.

எபனேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை, ஐந்து மணி நேரம் நம் கையில் இருந்திருக்கிறது, அந்த நேரத்தில் ஊசியை மாற்றியிருந்தால், தேனிக்கே அனுப்பியிருந்தால்கூட அவர் பிழைத்திருக்கலாம் என்றார். சொன்ன பிறகு, அதைச் சாபிராவின் முன்னால் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். குரலை மாற்றிக்கொண்டு இரண்டு விதிகளைப் பலகையில் எழுதினார். சொந்தக்காரர் நோயாளியாக வந்தால் அந்த நர்சு அவரைப் பார்க்கக் கூடாது. மூச்சு எண்ணாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும், இருபது எழுதக் கூடாது.

நல்ல விதிகள்தான். கண் கெட்ட பின்னே சூரிய நமஸ்காரம் செய்தாலும், அடுத்தவன் கண்ணாவது தப்பும்.

கூட்டம் கலைந்ததும் சுருளிராஜன் அவளை மாடிப்படியில் நிறுத்தினார். அங்கே பேசியது அங்கேயே இருக்கட்டும் என்றார். கூட்டத்தின் மினிட் நோட்டில் எதுவும் ஏறாது, டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். பவானியை இன்றோடு நிறுத்தச் சொல்லி முதலாளி சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை மனு போகிறதல்லவா, அந்த நர்சை நாங்கள் நிறுத்திவிட்டோம் என்று காட்ட வேண்டுமாம்.

"அதான் சார், தப்பு எம்மேலன்னு சொன்னேன்ல" என்றாள் சாபிரா.

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார்.

"சிஸ்டர், பேரு வேணும்னு கேட்டது உங்க கொழுந்தன்மாரு வீடு. நாங்களா குடுத்தோம்? பதிமூணு வருசத்து ஆள விட்டுட்டு எட்டு மாசத்துப் புள்ளய அனுப்புறது எங்களுக்கு லாபம். உங்க வீட்டுலயும் நிம்மதி. பேசாம வீட்டுக்குப் போங்க."

கொழுந்தன் இல்லை, பெரிய மச்சான் என்று திருத்தத் தோன்றியது. எதற்கு?

பவானி பின்பக்கம் ஸ்கூட்டர் நிற்கிற இடத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாபிரா பக்கத்தில் போய் நின்று, வீட்டில் பேசி மனுவில் பெயரை எடுக்க வைக்கிறேன் என்றாள். மன்னித்துக்கொள் என்றும் சொன்னாள்.

பவானி நிமிர்ந்தாள். அழுகை இல்லை.

"நாப்பது நாளா நாந்தான் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்க்கா. எனக்குச் சனி புடிச்சிருக்குன்னு எங்கம்மா வாராவாரம் கோயில்ல எள்ளு வெளக்குப் போடுது. இன்னைக்கும் போட்டுட்டு வந்துருக்கும். நீங்க தெனமும் என்னையப் பாத்தீக. எங்கூட உக்காந்து டீ குடிச்சீக."

பவானி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அசர் தொழுகை முடிந்திருந்தது. கூடத்தில் உமர் பாருக்கும் அஷ்ரப்பும் நாளைய விருந்துக்கு யார் யாரைக் கூப்பிட்டாயிற்று என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சாபிரா யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. உட்காரவும் இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி. சுற்றி வளைக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது பத்து விதமாக யோசித்து வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் ஒரே விதமாகத்தான் வந்தது.

உமர் பாருக் முதலில் நம்பவில்லை. அந்தப் பெண்ணைக் காப்பாற்ற ஆஸ்பத்திரிக்காரர்கள் இவளைப் பேச வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தான். இவள் இன்னொரு தடவை சொன்னாள். அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"லாரி டிரைவர் நெஞ்சப் பாத்து எண்ணுன. எங்கத்தாவப் பாக்க ஒனக்கு வெக்கமா இருந்துச்சு."

"ஆமா மச்சான்."

"வெக்கம்."

"ஆமா."

அவன் தம்பி பக்கம் திரும்பினான். "சாபிரா இருக்கா, சாபிரா இருக்கான்னு சொன்னியேடா. இருந்தாளா?" என்று கேட்டான்.

அஷ்ரப் சாபிராவைப் பார்த்தான். பன்னிரண்டு வருடத்தில் அவன் அவளை அப்படிப் பார்த்தது இல்லை. கோபமாக இருந்தால் பரவாயில்லை என்று நினைத்தாள். ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

முப்பத்தொன்பது நாள் இவனோடு ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கிறாள். இவன் தன்னைத்தானே சாட்டையால் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் மொண்டு கொடுத்திருக்கிறாள். வெட்கத்தில் எண்ணாமல் விட்டது ஒரு நிமிடக் குற்றம். இது முப்பத்தொன்பது நாள் குற்றம். இதற்கு எந்தக் கூட்டத்திலும் விதி எழுத மாட்டார்கள்.

உமர் பாருக் எழுந்தான். நாளைக்கு ஊர் கூடி உட்கார்ந்து அத்தாவுக்காக ஓதும்போது இவள் கையால் சோறு பரிமாறக் கூடாது என்றான். திங்கட்கிழமை மனு போவது போவதுதான், பெயர் மட்டும் மாறும் என்றான். சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தான், நீ என்ன சொல்கிறாய் என்பதுபோல். அஷ்ரப் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

திறந்தது உள் அறைக் கதவு.

மைமூன் பீவி வெள்ளைத் துணியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நிலையைப் பிடித்தபடி நின்றாள். பேசியது எல்லாமே அவள் காதில் விழுந்திருக்கிறது. சாபிரா மாமியின் காலில் விழக்கூடத் தயாராக இருந்தாள். மாமி திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், அடித்தால் பட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மாமி திட்டவில்லை. மகன்களைப் பார்க்காமல் சாபிராவை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"அன்னைக்கு மத்தியானம் நாந்தான பக்கத்துல இருந்தேன். நீ பன்னெண்டு மணிக்குப் பாத்துட்டு அங்கிட்டுப் போன. ஒடனே அவுக எங்கையப் புடிச்சுக்கிட்டு, மூச்சு முட்டுது மைமூனு, சாபிராவக் கூப்புடுன்னு சொன்னாக."

உமர் பாருக் ஒரு அடி முன்னால் வந்தான். மாமி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"நாந்தான் கூப்புடல. இப்பத்தான பாத்துட்டுப் போச்சு, அது எல்லாத்தையும் எண்ணிப் பாத்து எழுதுற புள்ள, ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல, அதப் போட்டுத் தொந்தரவு பண்ணாதீக, பேசாமப் படுங்கன்னு அதட்டிவிட்டேன். அதுக்கப்புறம் அவுக கேக்கவே இல்ல. மணிய உருட்டிக்கிட்டுக் கெடந்தாக."

மாமி நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சாபிராவின் முன்னால் வந்து நின்றாள். நாற்பது நாளாக அழுது அழுது வற்றிப்போன கண்கள்.

"அப்ப நான் கூப்புட்டிருந்தா அவுக பொழச்சிருப்பாகளா?"

ஐந்து மணி நேரம் இருந்திருக்கிறது என்று எபனேசர் சொன்னது சாபிராவின் காதில் அப்படியே கேட்டது. உமர் பாருக் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அஷ்ரப் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி ஒரு பொய்கூடச் சொல்வதில்லை என்று மூன்று மணி நேரத்துக்கு முன்னால்தான் அவள் முடிவெடுத்திருந்தாள்.

"சொல்லு தாயி" என்றாள் மாமி. "நீ நர்சு. ஒனக்குத் தெரியும்."